மெல்லக் கசியும் ரயரும் பந்தயத் தடமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்து வளர்ந்தவருக்குப் பந்தயம் என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது மாட்டுவண்டிச் சவாரியேயாம். சவாரித் திடலின் இரு மருங்கும் கூடிநின்று, புழுதி பறக்க வரும் வண்டிகளைக் கண்டு ஆரவாரித்த இளமைக் காலம் எம்மிற் பலருக்கு உண்டு. அவ்வண்டியின் சில்லு மரத்தாலானது; அதன் விளிம்பில் இரும்புப் பட்டம் பூட்டப்பட்டிருக்கும். ஆரைக்கால் தளர்ந்தாலும் பட்டம் கழன்றாலும் அக்குறை கண்ணுக்குத் தெரியும், காதுக்குங் கேட்கும். ஓடுமுன் ஒருமுறை வண்டியைச் சுற்றி வந்தால் போதும், வண்டிக்காரன் அதனை அறிந்துகொள்வான்.

மோட்டார்க் காரின் சில்லு அத்தகையதன்று. அதனைத் தாங்கி நிற்பது காற்று. காற்றையோ நாம் காண்பதில்லை. அது குறைவதையும் காண்பதில்லை. ஒரேயடியாக வெடிக்கும் ரயர் தன் குறையைத் தானே பறைசாற்றிவிடும். கிழமைக்கு இரண்டு மூன்று இறாத்தல் அழுத்தத்தை இழக்கும் ரயரோ, ஊமைநோய் கொண்டவன் போலப் பேசாதிருந்து, சமயம் பார்த்துக் கைவிடும். அவ்வாறு மெல்லக் கசியும் ரயரை ஆராய்ந்து செப்பனிடுவது எவ்வாறு, செப்பனிட்டபின் அதனை எங்கு ஓட்டலாம், எங்கு ஓட்டலாகாது என்பனவற்றையே இக்கட்டுரையிற் கூற முற்படுகின்றோம்.

கல்லூரி விழா மலரில் இப்பொருளுக்கு இடம் என்ன என்று வினவுவோர் இருக்கலாம். எமது பழைய மாணவர் பலரின் பிள்ளைகள் இன்று கார் ஓட்டுவதை ஒரு விளையாட்டாகவும் பயில்கின்றனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களுக்கென அமைத்த ஓடுபாதைகள் பல, போர் ஓய்ந்தபின் கார்ப் பந்தயங்களுக்குப் பயன்படலாயின. களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தையும் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரமும் அவ்வகையின. நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. திருப்பெரும்புதூருக்கு அண்மையிலுள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இல் திறக்கப்பட்டது. குடாநாட்டில் இத்தகைய தடம் இல்லையாயினும், குடாநாட்டுப் பிள்ளைகள் ஓடும் தடங்கள் உலகெங்கும் உள. ஆதலின் இது அவர்களுக்கும், அவர்களைப் பெற்றோருக்கும் உரிய செய்தியே.

ஓர் அனுபவம்

கொழும்பிலே தொழில் பார்க்கும் பழைய மாணவ நண்பர் ஒருவரின் இல்லத்துக்கு ஒரு மாலைப்பொழுது சென்றிருந்தோம். அவருடைய மகன் மறுவாரம் தடத்தில் ஓடுவதற்குத் தன் காரை ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தான். முன்பக்கத்து இடச்சில்லு சற்றே தணிந்திருப்பதைக் கண்டு காரணம் வினவினோம். “அது கிழமைக்கு மூன்று இறாத்தல்தான் குறையுது மாமா, ஓடுகிற அன்று காலமை காற்றடித்துவிட்டால் சரி” என்று நகைத்துக்கொண்டே விடை கூறினான். தந்தையார் எமது முகத்தைப் பார்த்தார். அன்றிரவு உணவுக்குப் பின் அவ்விளைஞனுக்கு நாம் எடுத்துக் கூறியவற்றின் விரிவே பின்வருவனவாகும்.

காற்றுச் செய்யும் வேலை

காற்றடைத்த ரயரின் உரிமையை முதன்முதற் பெற்றவர் றொபேட் வில்லியம் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்தியர், ஆண்டு 1845. அக்காலத்தில் அது பெருவழக்கடையவில்லை. 1888இல் பெல்பாஸ்ற் நகரில் ஜோன் பொய்ட் டன்லொப் அதனை மீண்டும் ஆக்கியபின்னரே உலகு அதனை ஏற்றுக்கொண்டது. இவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்தில், 1876இல், பிரேசில் நாட்டிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்கு இறப்பர் விதைகள் வந்தன. அங்கு முளைத்த கன்றுகள் எமது தீவுக்குக் கொண்டுவரப்பட்டுக் கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நாட்டப்பட்டன. ரயரின் வரலாற்றில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டென்பதை மாணவர் மனங்கொள்வாராக.

காரின் பாரத்தைத் தாங்குவது இறப்பர் என்று பலர் எண்ணுவர். இறப்பர் ஒரு பை மாத்திரமே. தாங்குவது அப்பைக்குள் அடைபட்ட காற்று. 1,000 கிலோகிராம் நிறையுடைய ஒரு சிறு காரை எடுத்துக்கொள்வோம். சில்லொன்றுக்கு 250 கிலோகிராம். அதாவது ஏறத்தாழ 550 இறாத்தல். ரயருக்குள் சதுர அங்குலத்துக்கு 28 இறாத்தல் அழுத்தம் இருப்பின், நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 20 சதுர அங்குலமாகும். விரித்த ஒரு கையின் அளவே அது. நாம் எத்துணை வேகத்தில் ஓடினும், திரும்பினும், தடையை அழுத்தினும், காருக்கும் பூமிக்கும் உள்ள உறவு நான்கு கையளவுதான்.

காற்றுக் குறைந்தால் ரயரின் பக்கச்சுவர் கூடுதலாக மடியும். மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சிறு காரின் சில்லு செக்கனுக்கு இருபத்துமூன்று முறை அளவிற் சுழல்கின்றது. ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கச்சுவர் ஒருமுறை மடிந்து நிமிர்கின்றது. ஓர் இரும்புக் கம்பியை இருகையாலும் பற்றி மாறிமாறி வளைத்தால் வளைந்த இடம் சுடுவதை மாணவர் அறிவர். ரயரிலும் அதுவே நிகழ்கின்றது. வெப்பம் மிகமிக இறப்பர் மெலிகின்றது. உள்ளிருக்கும் நூலடுக்கும் உருக்குக் கம்பியடுக்கும் இறப்பரை விட்டுப் பிரியத் தொடங்குகின்றன. பின்னர் நிகழ்வதை வெடிப்பு என்கின்றோம். வெடிப்பது ஒரு கணம். அதனை ஆக்கியதோ பல நிமிட வெப்பம்.

வெப்பம் செய்யும் மறைப்பு

மெல்லிய கசிவு வீதியிற் செய்யாத ஒரு வஞ்சகத்தைத் தடத்திற் செய்யும். இதனை நன்கு விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

அடைபட்ட காற்றுச் சூடேறினால் அதன் அழுத்தம் உயரும் என்பது எமது விஞ்ஞான ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதித் தந்த விதி. காலையில் 30 பாகை வெப்பநிலையில் ரயருக்கு 28 இறாத்தல் காற்றடித்தோம் என்க. தடத்தில் ஓடிச் சூடேறி உள்ளிருக்கும் காற்று 80 பாகையை அடைந்தால் அழுத்தமானி ஏறத்தாழ 35 காட்டும். குறையற்ற ரயரின் நிலை இது.

இனி, கசியும் ரயரை நோக்குவோம். அதுவும் 28இல் தொடங்குகின்றது. ஓடும் வேளையில், குளிர்ந்த நிலையிற் கணக்கிட்டால் 24 ஆகும் அளவுக்குக் காற்றை இழந்துவிட்டது. ஆயினும் 80 பாகையில் அதனை அளந்தால் அழுத்தமானி 30க்குச் சற்று மேலே காட்டும். தொடங்கிய 28ஐ மாத்திரம் நினைவில் வைத்திருக்கும் ஓட்டுநர், “குறையவில்லை, இரண்டு இறாத்தல் கூடியன்றோ இருக்கின்றது!” என்று மகிழ்ந்து மீண்டும் தடத்தில் இறங்குவார். நோயாளியின் காய்ச்சற் சிவப்பைக் கண்டு உடல் தேறினான் என்று மகிழ்வது போன்றதே அது.

இவ்வஞ்சகத்துக்கு மாற்று எளிது. எந்த ரயரையும் தனித்துப் பாராது அதன் சோடியோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். முன்னிரண்டையும் ஒன்றோடொன்றும், பின்னிரண்டையும் ஒன்றோடொன்றும் ஒப்பிடுக. தடத்தின் வளைவுகளுக்கேற்ப ஒரு பக்கத்து ரயர் சிறிது கூடச் சூடேறுதல் இயல்பே. ஒன்று 35 காட்ட மற்றையது 30 காட்டினால், அது 28க்கு மேலே இருந்தாலும் அவ்வேறுபாட்டின் காரணம் துலங்கும்வரை அந்த ரயரை மீண்டும் ஓட்டலாகாது. மேலும், உண்மையான அளவு காலைக் குளிரில் எடுத்த அளவேயாம். ஒரே அழுத்தமானியால், ஒரே நேரத்தில், நிழலில் நிற்கும் காரில் அளந்து நாள்தோறும் குறித்துவைத்தல் நன்று.

இவற்றோடு, தடத்தில் ஒன்று வளையும்போது பக்கவாட்டு விசை ரயரின் விளிம்பைச் சில்லின் உலோக விளிம்பிலிருந்து பிடுங்க முயல்கின்றது. காற்றழுத்தமே அதனை இறுகப் பற்றிவைத்திருப்பது. அழுத்தங் குறைந்தால் அப்பிடியும் தளரும். மேலும், ஆணியொன்று தைத்த துளை கார் நிற்கும்போது கசியும் அளவுக்கே ஓடும்போதும் கசியும் என்று எண்ணற்க. மடிப்பிலும் வெப்பத்திலும் ஆணி அசைந்தசைந்து துளையைப் பெருப்பிக்கும். கிழமைக்கு மூன்று இறாத்தல் என்பது கொட்டிலில் உறங்கும் காரின் கணக்கு. தடத்தில் ஓடும் காரின் கணக்கன்று.

கசிவு எங்கிருந்து?

செப்பனிடுதலிற் பாதி வேலை கசிவைக் கண்டுபிடித்தலே. கசியக்கூடிய இடங்களை மூன்று வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, வால்வு. அதன் உள்ளூசி தேய்ந்தோ மணல் புகுந்தோ மூடாதிருக்கலாம். இறப்பர்த் தண்டு வெயிலிற் காய்ந்து வெடித்திருக்கலாம். மூடியில்லாத வால்வினுட் புழுதி புகுதல் எமது வீதிகளிற் சாதாரணம்.

இரண்டாவது, சில்லும் ரயரும் பொருந்தும் விளிம்பு. குடாநாட்டின் எப்பகுதியும் கடலுக்குத் தொலைவிலில்லை. உப்புக் காற்று உருக்குச் சில்லைத் துருப்பிடிக்கச் செய்யும். அலுமினியச் சில்லிலும் வெண்பொடி போன்ற அரிப்பை உண்டாக்கும். அவ்வரிப்பின் மேல் ரயர் சரிவரப் பொருந்தாது. தடத்திலோ, வளைவின் ஓரக்கட்டில் ஏறி இறங்குவதாற் சில்லின் உள்விளிம்பு கோணிப் போதலும் மயிரிழை போல வெடித்தலும் உண்டு. இவை வெளியிலிருந்து பார்ப்போருக்குத் தெரியா.

மூன்றாவது, ரயரின் உடல். ஆணி, கம்பித் துண்டு, உடைமுள், கூரிய கல் முதலியன தைத்த துளைகள் இவ்வகையின.

இவற்றைத் தவிர, குறையற்ற ரயரும் இறப்பரின் நுண்துளைகளூடாக மாதத்துக்கு ஓரிரு இறாத்தல் இழக்கும். நான்கு சில்லும் ஒத்த அளவிற் குறைந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. ஒன்று மாத்திரம் கூடுதலாகக் குறைந்தால் அதுவே நோயுற்றது.

தேடும் முறை வருமாறு. ரயருக்கு நிறையக் காற்றடித்து, சவர்க்கார நீரை வால்வின் வாயிலும் அடியிலும் முதலிற் பூசுக. பின்னர் இருபக்க விளிம்புகளிலும், ஈற்றில் நிலந்தொடும் முகம் முழுவதிலும் பூசுக. குமிழி தோன்றும் இடத்தை வெண்கட்டியாற் குறிக்க. மிக மெல்லிய கசிவாயின் குமிழி உடனே தோன்றாது. சில நிமிடம் பொறுமையாகக் காத்திருத்தல் வேண்டும். சில்லைக் கழற்றித் தொட்டி நீரில் அமிழ்த்திப் பார்ப்பது இன்னும் நன்று. சைக்கிள் ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்திக் குமிழி தேடிய கைகளுக்கு இது புதிய வித்தையன்று.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு கசிவைக் கண்டவுடன் தேடலை நிறுத்தலாகாது. நாம் மேலே கூறிய இளைஞன் அன்றிரவே விளக்கைப் பிடித்துக்கொண்டு சவர்க்கார நீர் பூசினான். வால்வில் நுண்ணிய குமிழி தோன்றியது. ஐந்து நிமிடத்தில் உள்ளூசியை மாற்றி, வென்றவனைப் போல எம்மை நோக்கினான். “நாளைக் காலமை அளந்து பார்த்துவிட்டுச் சொல்லும் தம்பி” என்றோம். மறுநாட் காலையில் ஓர் இறாத்தல் குறைந்திருந்தது. சில்லைக் கழற்றி நீரில் அமிழ்த்தியபோதுதான், ரயரின் முகம் பக்கச்சுவரோடு சேரும் தோளிலே, ஊசி போன்ற உருக்குக் கம்பி ஒன்று இறப்பரோடு மட்டமாகத் தேய்ந்து புதைந்திருப்பது தெரிந்தது.

செப்பனிடும் முறை

வால்வுக் கசிவாயின் உள்ளூசியையோ முழு வால்வையுமோ மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. தடத்தில் ஓடும் காருக்கு இறப்பர்த் தண்டினும் உலோகத் தண்டு சிறந்தது. உலோக மூடியும் இன்றியமையாதது. விளிம்புக் கசிவாயின் ரயரைக் கழற்றி, சில்லின் விளிம்பிலுள்ள துருவையும் பழைய இறப்பர்த் துகளையும் கம்பித் தூரிகையாற் சுத்தஞ்செய்து மீளப் பூட்டலாம். வெடித்த சில்லை மாற்றுவதே தக்கது. இவ்விரு வகையிலும், காற்றுக் குறைந்த நிலையில் ஓடாதிருந்தால், ரயருக்கு ஊறு நேர்ந்திராது. ஆதலின் மறுநாட் காலை அளவு குறையாதிருப்பின் அந்த ரயர் மீண்டும் தடத்துக்குச் செல்லலாம்.

துளைபட்ட ரயரின் செய்தி வேறு. பழைய கார்களில் ரயருக்குள் ரியூப் இருந்தது. ரியூப்பைச் சுரண்டிச் சொலூசன் பூசி ஒட்டிவிட்டால் போதும். இக்காலத்துக் கார்களிற் பெரும்பாலானவற்றின் ரயருக்கு ரியூப் இல்லை. ரயரின் உட்புறத்திலுள்ள மெல்லிய இறப்பர்ப் படையே காற்றைத் தடுத்து நிற்கின்றது. ஆணி அப்படையையும் கிழித்து, உருக்குக் கம்பியடுக்கினூடாகவும் செல்கின்றது. ஆகவே செப்பம் இரண்டு காரியங்களைச் செய்தல் வேண்டும்: உட்படையை மூடிக் காற்றைத் தடுத்தல் ஒன்று, துளையை முற்றும் நிரப்பி, வெளியிலிருந்து நீர் புகுந்து உருக்குக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யாது காத்தல் மற்றொன்று.

ரயரைக் கழற்றாமலே பிசினூட்டிய கயிறொன்றை வெளியிலிருந்து ஊசியாற் குத்திச் செருகும் வழக்கம் எங்கும் உண்டு. பத்து நிமிடத்தில் முடியும் வேலை அது. நடுவழியிற் காற்றுப் போனவன் வீடு சேர்வதற்கு அது பெரிதும் உதவும். ஆயின் உட்புறத்தை ஒருவரும் பாராது செய்த வேலையாதலின் அதனை நிலையான செப்பமாகக் கொள்ளலாகாது. போத்தலிலிருந்து ஊற்றும் அடைப்புத் திரவமும் அவ்வாறே. தடத்தில் அது சில்லின் சமநிலையையும் குலைக்கும்.

முறையான செப்பம் வருமாறு. ஆணியைப் பிடுங்குமுன் அது தைத்த இடத்தையும் சாய்வையும் குறித்துக்கொள்க. ரயரைக் கழற்றி உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் ஆராய்க. உள்ளே கரிய இறப்பர்ப் பொடி கிடந்தாலோ, பக்கச்சுவரைச் சுற்றி மடிப்புக்கோடு ஒன்று ஓடினாலோ, அது காற்றுக் குறைந்து ஓடி உள்ளே நைந்த ரயர். அதற்கு ஒட்டுப் போடுதல் வீண். உட்புறம் நன்றாயிருப்பின், துளை நிலந்தொடும் முகத்தின் நடுப்பகுதியில் உள்ளதா என்றும், கால் அங்குலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 6 மில்லிமீற்றருக்கு, மேற்படாததா என்றும் நோக்குக. தோளிலும் பக்கச்சுவரிலும் உள்ள துளைக்குச் செப்பம் இல்லை. அவ்விடங்கள் ஒவ்வொரு சுழற்சியிலும் மடிபவை. மடியும் இடத்தில் எந்த ஒட்டும் நிலைபெறாது.

தகுந்த துளையாயின், அதன் சாய்வு வழியே துளைகருவியைச் செலுத்திப் பிசிறிய கம்பி முனைகளை நீக்குக. உட்படையை ஒட்டின் அளவிலும் சற்றுக் கூடிய பரப்புக்கு மெல்ல உராய்ந்து கரடாக்குக. நூலடுக்கு வெளித்தோன்றும்வரை உராய்தல் பெரும் பிழை. தூசை உறிஞ்சியெடுத்துச் சொலூசனை மெல்லிதாகப் பூசி, அது காய்ந்து கைக்கு ஒட்டும் பதம் வரும்வரை காத்திருக்க. ஈரத்தோடு ஒட்டுவதே பெரும்பாலான ஒட்டுகள் கழல்வதற்குக் காரணம். பின்னர் காளான் வடிவமான ஒட்டின் தண்டை உள்ளிருந்து வெளியே இழுத்து, குடைப்பகுதி உட்படையிற் படியச் செய்து, சிறு உருளையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தி உருட்டுக. வெளியே நீண்ட தண்டை மட்டமாக வெட்டுக. சில்லிற் பூட்டிக் காற்றடித்து மீண்டும் சவர்க்கார நீராற் சோதித்து, ஈயக் கட்டி வைத்துச் சமநிலை பார்த்தபின்னரே வேலை முடிந்தது என்க.

இவ்வொட்டு வெறும் பசை ஒட்டன்று. இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் அது உறுதியும் நெகிழ்ச்சியும் ஒருங்கே பெறும் என்பதை 1839இல் சாள்ஸ் குட்இயர் கண்டறிந்தார். முற்காலத்து ஒட்டுக்காரர் ஒட்டின் மேல் தீமூட்டிச் சூடாக்கி ஒட்டியது இவ்விரசாயனத்தை நிகழ்த்துதற்கே. இன்றைய சொலூசன் அதனைச் சூடின்றியே மெல்ல நிகழ்த்துகின்றது. ஒட்டும் ரயரும் ஒன்றோடொன்று பிணைந்து ஒருடலாகின்றன.

ஒட்டிய ரயர் தடத்துக்கு ஆகுமா?

அத்துணை நன்றாக ஒட்டிய ரயரைத் தடத்தில் ஏன் ஓட்டலாகாது என்று கேட்கலாம். வீதியில் அதனை அச்சமின்றி ஓட்டலாம். தடத்திலோ வெப்பமும் பக்கவாட்டு விசையும் வேகமும் ஒருங்கே உச்சத்தை அடைகின்றன. வெட்டுண்ட உருக்குக் கம்பிகளை எந்த ஒட்டும் மீண்டும் இணைப்பதில்லை. உயர்வேக ரயர்களிற் செப்பம் கூடாதென்று விலக்கும் தயாரிப்பாளரும் உளர். எனவே தயாரிப்பாளரின் குறிப்பையும் பந்தய அமைப்பாளரின் விதியையும் முதலில் நோக்குதல் கடன். எமது கருத்தைக் கேட்டால், துளைபட்டு ஒட்டிய ரயர் வீதிக்குரியது, தடத்துக்குரியதன்று என்போம்.

பந்தய வரலாற்றிலிருந்து இரு நிகழ்ச்சிகளைக் கூறுவோம். 1986 ஒக்டோபர் 26ஆந் தேதி அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் அவ்வாண்டின் இறுதிப் பந்தயம் நடைபெற்றது. நைஜல் மான்செல் மூன்றாம் இடம் பெற்றாலே உலக வீரராவார். ஓட்டத்தின் நடுவே அலன் புரோஸ்ற் என்பவரின் கார் வேறொரு காரோடு உராய்ந்தது. ஒரு ரயர் மெல்லக் காற்றை இழக்கலாயிற்று. அவர் தரித்து ரயர்களை மாற்றினார். போட்டி கைநழுவியது என்றே பலர் எண்ணினர். அவருடைய கழற்றிய ரயர்களைப் பார்த்த ரயர் வல்லுநர், தேய்வு மிகையில்லை, ஏனையோர் மாற்றாமலே ஓடி முடிக்கலாம் எனக் கருதினர். ஆயின் முன்னணியில் ஓடிய கெக்கே றொஸ்பேர்க்கின் ரயர் பிரிந்தது. சற்று நேரத்தில் மான்செலின் பின்பக்கத்து இடரயர் முழுவேகத்தில் வெடித்தது. நற்பேறாக அவர் உயிர்தப்பினார். பட்டமோ புரோஸ்ற்றுக்கு இரண்டு புள்ளிகளால் உரித்தாயிற்று. மெல்லிய கசிவு ஒன்றைக் கண்டு தரித்தவர் வென்றார். வெளித்தோற்றத்தை நம்பி ஓடியவர் இழந்தார்.

மற்றையது 2005 யூன் 19ஆந் தேதி அமெரிக்காவின் இண்டியானபொலிஸ் தடத்தில் நிகழ்ந்தது. இரு நாட்களுக்கு முன், பயிற்சியின்போது, சரிவான பதின்மூன்றாம் வளைவில் றால்வ் சூமாக்கரின் ரயர் கைவிட்டு அவரது கார் சுவரில் மோதியது. மிஷெலின் ரயர் பூட்டிய அணிகள், அவ்வளைவில் தம் ரயர்கள் தாங்கும் என்று உறுதிகூற இயலாமையால், பந்தயம் தொடங்கும் வேளையில் விலகின. இருபது கார்களிற் பதினான்கு ஓடவில்லை. எஞ்சிய ஆறனுள் நான்காவதாக வந்தவர் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன்; இவ்வுலகப் போட்டியிற் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவரே. இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் பார்த்திருக்க, கூக்குரலுக்கு அஞ்சாது, “எமது ரயரை நாம் நம்பவில்லை” என்று விலகுவதற்கும் துணிவு வேண்டும். அன்று அவ்வளைவில் ஓர் உயிரும் போகவில்லை என்பதே அத்துணிவின் பயன்.

நிறைவாக

பழுதானதை எறியாது திருத்திப் பயன்படுத்துவதில் எமது மக்கள் பேர்பெற்றவர். தொண்ணூறுகளில் பெற்றோல் கிடைக்காதபோது மண்ணெண்ணெயில் ஏ 40 கார்களை ஓட்டியவர்கள் நாம். வெடித்த ரயருக்குள் பழைய ரயரின் துண்டை வைத்து நோயாளரையும் கர்ப்பிணித் தாய்மாரையும் மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற ஓட்டுநரை நாம் கண்டிருக்கின்றோம். அக்கைவன்மையை என்றும் மறவோம். ஆயின் அன்று வேறு வழியில்லை. ஓடியது உயிர் காப்பதற்காக. விளையாட்டுக்காக ஓடுபவனுக்கோ எப்போதும் வேறு வழி உண்டு: ஓடாது விடலாம். திருத்தத் தெரிதல் ஒரு கலை. திருத்திய பொருள் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று தெரிதல் அதனினும் பெரிய கலை.

அவ்விளைஞனின் ரயரைக் கழற்றியபோது உட்புறத் தோளிலே கரிய பொடியும், பக்கச்சுவரிலே மெல்லிய மடிப்புக்கோடும் இருந்தன. முன்னைய ஓட்டத்திலேயே அது காற்றுக் குறைந்து ஓடியிருத்தல் வேண்டும். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தவன் நெடுநேரம் பேசாதிருந்தான். புதிய சோடி ரயர் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. கட்டிய பணமும் மீளவில்லை. அவ்வாரம் அவன் தடத்துக்குச் சென்றது பார்வையாளனாகவே. “அடுத்த முறை ஓடுவன் மாமா” என்று பின்னர் எமக்கு எழுதியிருந்தான். அடுத்த முறை என்று சொல்வதற்கு அவன் இருக்கின்றான் என்பதே எமக்கும் அவனைப் பெற்றோருக்கும் போதுமான வெற்றி.

எமது கல்லூரியின் மைந்தர் எத்தடத்தில் ஓடினும், முதலிற் காலைக் குளிரிற் காற்றை அளந்துகொண்டு ஓடுவாராக.